கோவலூர்க் கல்வெட்டும் கல்கியின் கதையும்

திருக்கோவலூர்க் கீழையூரிலுள்ள வீரட்டானேசுவரர் ஆலயத்தில் இராஜராஜ சோழன் காலத்துக் கல்வெட்டொன்று உளது. அம்மன்னனை ஈன்ற வானவன்மாதேவி மலையமான் குடியிற் பிறந்தவள் என்பதையும், கணவனாகிய சுந்தர சோழன் மறைந்தபோது இளம் மகவையும் விட்டுப் பிரிந்து அவனுடன் எரி புகுந்தாள் என்பதையும் அது கூறுகிறது. பாரி மகளை மலையமானுக்கு அளித்துவிட்டுக் கபிலர் தீயிற் புகுந்த செய்தியும் அதே கல்வெட்டில் உண்டு. பெண்ணையாற்றின் நடுவே நிற்கும் கபிலர் குன்றை அறியாதார் இப்பக்கத்தில் இல்லை. ஆனால் வானவன்மாதேவியின் பெயரை இன்று தமிழ் மக்கள் அறிந்திருப்பது அக்கல்லைப் படித்ததனால் அன்று. ஒரு கதையைப் படித்ததனாலேயாம். அக்கதை பொன்னியின் செல்வன். அதனை இயற்றியவர் கல்கி என்று யாவரும் அறிந்த ரா. கிருஷ்ணமூர்த்தி.

கள்ளக்குறிச்சி 2019-ம் வருஷம் நவம்பர் மாதம் 26-ந் தேதி விழுப்புரத்தினின்றும் பிரிந்து தனி ஜில்லா ஆயிற்று. மேற்கே கல்வராயன் மலையும் வடபால் தென்பெண்ணையும் சூழ்ந்த இந்நாட்டின் பழஞ்சிறப்பைத் தமிழகமெங்கும் பரப்பியவர் இந்நாட்டிற் பிறந்தவர் அல்லர். காவிரிக் கரையிற் பிறந்த அவருடைய வாழ்க்கையை இங்கே நினைவு கூர்வது நமது கடமையாகும்.

மாயவரத்தை அடுத்த புத்தமங்கலம் என்னும் சிற்றூரில் 1899-ம் வருஷம் செப்டம்பர் மாதம் 9-ந் தேதி கிருஷ்ணமூர்த்தி பிறந்தார். தந்தையார் ராமசாமி ஐயர் அவ்வூர்க் கணக்கர். செல்வம் மிகுந்த குடும்பம் அன்று. கிராமத்திலும் மாயவரத்திலும் பயின்ற பின் உயர்நிலைக் கல்விக்காகத் திருச்சிராப்பள்ளி சென்றார். இறுதிப் பரீட்சை நெருங்கிய சமயத்தில் காந்தியடிகளின் ஒத்துழையாமை அழைப்பு நாடெங்கும் முழங்கிற்று. 1921-ம் வருஷம் பள்ளியைத் துறந்து அவ்வியக்கத்திற் புகுந்தார். பரீட்சையொன்று தேறினால் குடும்பத்துக்கு உத்தியோகம் வரும் என்று எண்ணும் வீட்டில், இச்செயல் எளிதன்று. அடுத்த வருஷமே ஓராண்டுச் சிறைவாசம் எய்திற்று. பின்னர் 1930-ம் வருஷத்துச் சத்தியாக்கிரகத்திலும், 1941-ம் வருஷத்துத் தனிநபர் சத்தியாக்கிரகத்திலுமாக, மும்முறை சிறை புகுந்தார்.

சிறையினின்றும் மீண்ட இளைஞருக்குத் தமிழ் நடை பழகும் பேறு திரு. வி. கலியாணசுந்தர முதலியாரின் நவசக்தி அலுவலகத்திற் கிட்டிற்று. 1923-ம் வருஷம் முதல் சில ஆண்டுகள் அங்கே உதவி ஆசிரியராய் இருந்தார். பிறகு ராஜாஜியின் திருச்செங்கோட்டுக் காந்தி ஆசிரமத்தில் தங்கி, மதுவிலக்குப் பிரசாரத்திற்கென்றே நடந்த விமோசனம் என்னும் பத்திரிகைக்குத் துணை நின்றார். குடியின் தீமையை விளக்கக் கட்டுரையைக் காட்டிலும் கதையே பயன்படும் என்பதை அவர் உணர்ந்தது அங்கேதான் என்று கருதலாம். குடியானவனுக்கு உபதேசம் கசக்கும், கதை கசக்காது.

1931-ம் வருஷம் எஸ். எஸ். வாசனின் ஆனந்த விகடனில் ஆசிரியப் பொறுப்பேற்றார். நகைச்சுவை, அரசியல், சங்கீத விமரிசனம், சிறுகதை, தொடர்கதை எனப் பல துறைகளிலும் அவர் பேனா ஓடிற்று. கர்நாடகம் என்ற புனைபெயரில் அவர் எழுதிய இசை விமரிசனங்களைக் கண்டு வித்துவான்கள் அஞ்சியதுண்டு. அவர் எழுதிய தியாகபூமி, கே. சுப்பிரமணியத்தின் டைரக்ஷனில் 1939-ம் வருஷம் படமாக வெளிவந்தது. படக் காட்சிகளே தொடர்கதைக்குச் சித்திரங்களாகவும் அமைந்தன. தேசிய உணர்ச்சி மிக்க அப்படத்தை அன்றைய சர்க்கார் பின்னர்த் தடை செய்தது.

1941-ம் வருஷம் விகடனை விட்டு நீங்கிச் சிறை சென்று வந்த பின், நண்பர் டி. சதாசிவத்துடன் கூடி ஆகஸ்டு மாதத்தில் கல்கி வார இதழைத் தொடங்கினார். கைம்முதல் இல்லாத அம்முயற்சிக்கு, சதாசிவத்தின் மனைவியார் எம். எஸ். சுப்புலட்சுமி சாவித்திரி என்னும் படத்தில் நாரதராக நடித்துப் பெற்ற ஊதியம் உதவிற்று. அவ்விதழிலேயே பார்த்திபன் கனவும், சிவகாமியின் சபதமும், அலை ஓசையும் வெளிவந்தன. 1950-ம் வருஷம் அக்டோபர் மாதம் பொன்னியின் செல்வன் தொடங்கிற்று.

சுமார் மூன்றரை ஆண்டுகள், ஐந்து பாகங்களாக, மணியம் தீட்டிய சித்திரங்களுடன் வாரந்தோறும் வெளிவந்த அக்கதையை ஜனங்கள் எவ்வாறு ஏற்றனர் என்பதற்கு நூலின் முடிவுரையே சான்று. கதை சட்டென்று முடிந்துவிட்டதாகக் குறைபட்டும், பாத்திரங்கள் பின்னர் என்ன ஆயினர் என்று வினவியும் வாசகர்கள் கடிதம் எழுதினர். ஆசிரியர் அதனை அலட்சியம் செய்யாமல், சரித்திரக் கதைக்கும் வெறும் கற்பனைக் கதைக்கும் முடிவில் உள்ள வேற்றுமையை விளக்கி விடையளித்தார். வாசகரிடம் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டவர் எழுத்தாளர் என்பது அவர் கொள்கை போலும்.

இந்த உறவு எத்துணை அரிது என்பதை அயல்நாட்டு உதாரணம் ஒன்றால் தெளியலாம். ருஷ்ய நாட்டில் மிகையில் புல்காகோவ் என்ற கற்பனைக் கதாசிரியர் இருந்தார். சாத்தான் மாஸ்கோ நகருக்கு வந்து விளைவிக்கும் விபரீதங்களைக் கூறும் நாவலொன்றை 1928-ம் வருஷம் முதல் தம் இறுதிக் காலம் வரை எழுதினார். இடையில் ஒருமுறை கையெழுத்துப் பிரதியைத் தம் கையாலேயே எரித்து, மீண்டும் எழுதினார். 1940-ம் வருஷம் அவர் மறைந்தபோது அந்நாவல் அச்சேறவில்லை. அவர் மறைந்து 26 ஆண்டுகள் கழிந்த பின்னரே, அதுவும் பல பகுதிகள் வெட்டப்பட்டு, ஒரு மாத இதழில் வெளிவந்தது. இன்று அது உலகெங்கும் கொண்டாடப்படுகிறது. அப்புகழைக் காண அவர் இல்லை. கல்கியோ வாரந்தோறும் தம் வாசகரின் முகம் பார்த்து எழுதினார். ஒருவருக்கு வாசகரே இல்லாத தனிமை. மற்றவருக்கு வாசகர் வெள்ளம். தனிமை ஒரு சோதனையானால், வெள்ளமும் ஒரு சோதனையேயாம்.

அவ்வெள்ளத்தைக் குறைகூறினோரும் உண்டு. மணிக்கொடிக் குழுவினர் கல்கியின் எழுத்தில் ஆழம் இல்லையென்றனர். பாரதியாரை மகாகவி என்று கூறலாமா என்ற வாதம் எழுந்தபோது, கல்கி அதனை ஒப்பத் தயங்கினார்; எதிர்ப்பும் பலமாகக் கிளம்பிற்று. ஆயினும் எட்டயபுரத்தில் பாரதிக்கு மணிமண்டபம் எழுப்ப வாசகர்களிடம் நிதி திரட்டி, 1947-ம் வருஷம் அதனைத் திறந்து வைக்கும் வரை ஓயாது உழைத்தவரும் அவரே. கருத்து மாறியதை வாயாற் கூறுவதினும் செயலாற் காட்டுவது சிறந்தது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். கதையில் திருக்கோவலூர் மலையமான் முதியவர். ஆதித்த கரிகாலனுக்கும் குந்தவைக்கும் அருள்மொழிக்கும் தாய்வழிப் பாட்டனார். கடம்பூர் செல்ல வேண்டாமென்று பேரனைத் தடுக்கிறார். பேரன் கேளாமற் சென்றதும் படை திரட்டுகிறார். அக்கிழவரின் தவிப்பைப் படித்தவர் மலையமான் குடியை மறவார். சுந்தர சோழனின் மரணத்திற்கு முன்னரே கதை முடிவதால், வானவன்மாதேவி எரி புகுந்த காட்சி அதில் இல்லை. அதனை நமக்குச் சொல்வது கோவலூர்க் கல்லே. கல்லில் உள்ள அனைத்தும் கதையில் இல்லை. கதையில் உள்ள அனைத்தும் கல்லில் இல்லை. ஆதித்த கரிகாலன் கொலையுண்டதற்கு உடையார்குடிக் கல்வெட்டு ஆதாரம். நந்தினிக்கோ பூங்குழலிக்கோ ஆழ்வார்க்கடியானுக்கோ கல்வெட்டு ஆதாரம் இல்லை. அவர்கள் கல்கியின் மக்கள்.

இவ்வேற்றுமை இன்று மங்கி வருகிறது. 2022-ம் வருஷத்திலும் 2023-ம் வருஷத்திலும் மணிரத்னம் இக்கதையை இரு பாகங்களாகத் திரைக்குக் கொணர்ந்த பின், நந்தினியை மெய்யான அரசியாகவே எண்ணிப் பேசுவோரைக் காண்கிறோம். இதற்குக் கல்கியைக் குறை கூறுதல் தகாது. அவர் செப்பேடுகளையும் கல்வெட்டுகளையும் கதையினிடையே குறிப்பிட்டு, எங்கே தேட வேண்டும் என்று வழி காட்டியே சென்றார். வழிகாட்டி மரத்தைக் கண்டவர் அதனடியிலேயே உட்கார்ந்துவிட்டால், மரத்தின் மீது என்ன பிழை?

கதையை வெறும் பொய்யென்று தள்ளுவதும் பிழையே. கல்வராயன் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினர், தம் முன்னோர் காஞ்சியிலிருந்து வந்தவர் என்று வழிவழியாய்ச் சொல்லி வருகின்றனர். அதற்குக் கல்வெட்டு எதுவும் அவர்கள் கேட்டதில்லை. எழுத்தில்லாத மக்கள் தம்மை இன்னாரென்று நினைவில் வைத்துக்கொள்வது கதையினாலேதான். எழுத்துள்ள நாமோ கல்லையும் படிக்கவில்லை, கதையையும் கதையென்று அறிந்து படிக்கவில்லை என்றால், மலைவாசிகளைக் காட்டிலும் நாம் எவ்வாற்றான் உயர்ந்தோம்?

1954-ம் வருஷம் பொன்னியின் செல்வன் நிறைவெய்திற்று. அவ்வருஷமே டிசம்பர் மாதம் 5-ந் தேதி, காசநோயால் நலிந்திருந்த கல்கி தமது 55-வது வயதில் காலமானார். அலை ஓசைக்குச் சாகித்திய அகாடமிப் பரிசு கிட்டியது 1956-ம் வருஷத்தில். அதனைப் பெற அவர் இல்லை. 1999-ம் வருஷம் அவருடைய நூற்றாண்டையொட்டி அவர் நூல்கள் நாட்டுடைமை ஆயின. அன்றுமுதல் அவை எந்த ஒரு பதிப்பகத்துக்கும் தனியுரிமை அன்று. தமிழர் யாவருக்கும் பொதுச் சொத்து.

பொதுச் சொத்துக்குப் பொதுக் காவலும் வேண்டும். கள்ளக்குறிச்சி ஜில்லாவின் பள்ளிகள் மாணவர் கையில் அந்நூலைக் கொடுப்பதோடு நில்லாமல், ஒருநாள் அவர்களைக் கோவலூருக்கும் அழைத்துச் செல்லட்டும். வீரட்டானத்துக் கல்வெட்டை ஆசிரியர் ஒருவர் படித்துக் காட்டட்டும். கதையில் கண்ட அரசியின் முடிவைக் கல்லில் காணும் மாணவன், இரண்டையும் மதிக்கக் கற்பான். கல்கிக்கு அதனினும் சிறந்த கைம்மாறு வேறில்லை.