சில வயல்களை அறுத்து ஊரின் விளைச்சலைச் சொன்னவர்: மகலனோபிஸ்

ராமகுப்பம்: ஒரு கிராமத்தில் நிலக்கடலை ஏக்கருக்குச் சராசரியாக எத்தனை மூட்டை விளைந்தது என்பதைச் சில வயல்களை மட்டும் அறுத்துப் பார்த்துச் சொல்லிவிட முடியுமா? பயிர்க் காப்பீட்டு இழப்பீடு பல இடங்களில் இதற்கான விடையைப் பொறுத்தே அமைவதால், ஆந்திரத்தின் ராமகுப்பம் போன்ற மானாவாரி வட்டாரங்களுக்கு இது வெறும் கணக்கு அல்ல. முடியும் என்று இந்தியாவில் நிறுவியவர்களுள் முதன்மையானவர் புள்ளியியல் அறிஞர் பிரசாந்த சந்திர மகலனோபிஸ்.

கொல்கத்தாவில் 1893 ஜூன் 29-இல் பிறந்த அவர், கேம்பிரிட்ஜில் இயற்பியல் பயின்றார். 1915-இல் போர் காரணமாகத் தாயகம் திரும்பும் கப்பல் தாமதமானபோது, கல்லூரி நூலகத்தில் ‘பயோமெட்ரிகா’ இதழ் அவருக்கு அறிமுகமானது. தொகுதிகளை வாங்கிக் கப்பலிலேயே வாசித்தார். டப்ளின் மதுபான ஆலையில் பணியாற்றிய வில்லியம் காசெட், சராசரி பற்றிய ஒரு கூற்றை மிகச் சில அளவீடுகளைக் கொண்டே சோதிக்கும் முறையைப் புனைபெயரில் 1908-இல் வெளியிட்டதும் இதே இதழில்தான்.

அக்காலத்தில் பல மாகாணங்களில் கிராம அலுவலர்கள் விளைச்சலைக் கண்மதிப்பாக அணாக் கணக்கில் தெரிவித்தனர். அதை எவரும் அளந்து பார்ப்பது அரிது. 1920-களில் பீகாரில் ஹப்பாக் என்ற அதிகாரி நெல் வயல்களை அறுத்து எடைபோட்டுப் பார்த்தார். இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தை 1931-இல் தொடங்கிய மகலனோபிஸ், 1937 முதல் வங்காளத்தின் சணல் சாகுபடியைப் பெரிய அளவில் மாதிரிக் கணக்கெடுப்பு மூலம் மதிப்பிட்டார். வயலை அலுவலர் தேர்ந்தெடுக்கக் கூடாது, குலுக்கல் முறையே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது இதன் அடிப்படை. சாலையோரத்துச் செழிப்பான வயலையே கண் நாடும் அல்லவா?

ஆயினும் அவருடைய முறைக்கும் எதிர்ப்பு எழுந்தது. சில அடி ஆரமுள்ள சிறு வட்டங்களை அவர் அறுக்கச் செய்தார். அவ்வளவு சிறிய பரப்பில் விளிம்புச் செடிகளும் உள்ளே சேர்ந்து சராசரியை உயர்த்திவிடும் என்று பி.வி.சுகாத்மே வாதிட்டார். இன்று பெரும்பாலான பயிர்களுக்கு 5 மீட்டர் சதுரமே அறுக்கப்படுகிறது.

தேசிய மாதிரி ஆய்வு 1950-இல் தொடங்கவும் மகலனோபிஸே காரணமானார். 1972 ஜூன் 28-இல், 79-ஆவது பிறந்தநாளுக்கு முந்தைய நாள் காலமானார். அவரது பிறந்தநாள் 2007 முதல் தேசியப் புள்ளியியல் தினமாகக் கொண்டாடப்படுகிறது.

பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் முக்கியப் பயிர்களுக்குக் கிராம ஊராட்சிக்குக் குறைந்தது 4 அறுவடைப் பரிசோதனைகள் நடத்தப்பட வேண்டும். நான்கு வயல்களின் எடையும் நெருங்கியிருந்தால் அந்தச் சராசரியை நம்பலாம். ஒரு வயலில் ஏரிப் பாசனமும் மற்றொன்றில் வானம் பார்த்த மண்ணுமாக எடைகள் வெகுவாக விலகினால், நான்கு போதாது.