டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவ்

மதுரையும் பீமவரமும் சென்னை மாகாணம் என்னும் ஒரே ஆட்சிக்குள் அடங்கியிருந்த காலத்தே, 1895ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 12ஆம் நாள், பீமவரத்தில் ஓர் எளிய குடியிற் சுப்பாராவ் பிறந்தார். சென்னை இந்து உயர்தரப் பாடசாலையிற் பயின்று, மூன்றாம் முறையே மெட்ரிகுலேஷன் தேறினார். தேர்வில் ஒரு முறை தவறி மனந்தளரும் மாணவ நண்பர்கள் இதனைக் கருத்திற் கொள்வாராக.

பின்னர்ச் சென்னை மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்தார். காந்தியடிகளின் அழைப்பை ஏற்று, அறுவை அறையிலும் கதரே உடுத்தார். அதனால் ஆசிரியர் ஒருவரின் வெறுப்பிற்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டம் எய்தாது எல்.எம்.எஸ். சான்றிதழே பெற்றார் என்பர். அக்காலத்தே உடன்பிறந்தார் இருவரை ஸ்புரூ என்னும் குடல்நோய் சில நாள் இடைவெளியில் அடுத்தடுத்துக் கொண்டுபோயிற்று. அந்நோயை வெல்லும் வேட்கையே அவரைக் கடல் கடத்திற்று. 1922ஆம் ஆண்டு பாஸ்டன் நகர் சேர்ந்த அவர் தாய்நாடு மீளவேயில்லை.

குடலின் உட்சுவரை வைகைப் பாசன வயலாக எண்ணிப் பார்ப்போம். அங்குள்ள நுண்குழிகளே நாற்றங்கால். அவற்றில் வதியும் மூல உயிரணுக்களே நாற்று. அவை இடையறாது பிரிந்து, சில நாட்களுக்கு ஒருமுறை சுவர் முழுவதையும் புதுப்பிக்கின்றன. அண்டை உயிரணுக்கள் விடுக்கும் குறிப்புகளை அவற்றின் மேலுள்ள ஏற்பிகள் ஏற்கின்றன. ஏற்பியே மடை எனலாம். மடை அடைபடின் நாற்று வாடும். குறிப்பை உள்ளே கடத்தும் உறுப்புகள் பழுதுற்று, மடை மூடாதொழியின் வளர்ச்சி வரம்பு கடந்து புற்றாகும். இவை பிற்காலத்து அறிஞர் கண்டவை.

பிரியும் உயிரணு ஒவ்வொன்றும் மரபுப்பொருளை இரட்டிக்க வேண்டும். அதற்குப் போலிக் அமிலம் இன்றியமையாதது. ஹார்வர்டில் பிஸ்கே என்பாருடன் 1925ஆம் ஆண்டு பாஸ்பரஸ் அளக்கும் முறையை வகுத்து, 1929ஆம் ஆண்டு ஏ.டி.பி. என்னும் ஆற்றற்பொருளையும் கண்டறிந்த சுப்பாராவ், 1940ஆம் ஆண்டு லெடர்லி ஆய்வுக்கூடம் புகுந்தார். அவர் தலைமையிற் பணியாற்றிய குழுவினர் 1945ஆம் ஆண்டளவிற் போலிக் அமிலத்தைச் செயற்கையாக ஆக்கினர். ஸ்புரூ நோயாளர் பலர் அதனால் தேறினர். உடன்பிறந்தாரைக் காக்க இயலாத கை, பிறர் பலரைக் காத்தது.

அதே அமிலத்தைப் போன்று தோன்றி, அதன் தொழிலைத் தடுக்கும் அமினோப்டெரினும் அக்குழுவினரின் ஆக்கமே. பாஸ்டனிற் பார்பர் என்னும் மருத்துவர் அதனை இரத்தப் புற்றுற்ற 16 குழந்தைகளுக்கு அளித்தார். 10 குழந்தைகள் சிலகாலம் தேறினர். ஆயினும் அம்மருந்து பகைப்பயிரோடு நற்பயிரையும் வாட்டும். விரைந்து பிரியும் இயல்பினவாதலின் குடலின் நல்லுயிரணுக்களும் அதனால் நலிகின்றன. நோய் தீர்க்கும் அளவிற்கும் உடல் தாங்கும் அளவிற்கும் இடைப்பட்ட ஒடுங்கிய வரப்பிலேயே மருத்துவர் நடக்க வேண்டியுள்ளது.

1948ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், தம் 53ஆம் வயதிற் சுப்பாராவ் மறைந்தார். அமினோப்டெரினின் இனமாகிய மெத்தோட்ரெக்சேட் 1956ஆம் ஆண்டு கருப்பைசார் புற்று ஒன்றை முற்றிலும் குணப்படுத்தியதை அவர் காணவில்லை. அம்மருந்து இன்றும் வழங்குகின்றது. தம் வீட்டுத் துயரைப் பிறர் துயர் தீர்க்கும் கல்வியாக்கிய இப்பெரியாரை நாம் மறவாதிருப்போமாக.