வ. வே. சு. ஐயரும் மறைந்த சுத்தியலும்

மணியாச்சி என்றதும் 1911 ஜூன் 17-ஆம் நாளும், கலெக்டர் ஆஷைச் சுட்டுத் தம்மையும் மாய்த்துக்கொண்ட வாஞ்சிநாதனும் நம் நினைவுக்கு வருதல் இயல்பு. அவ்வீரருக்குத் துப்பாக்கிப் பயிற்சி அளித்த பெருமகனாரின் வரலாற்றை, வடாலாவில் வளரும் நம் இளைஞர் அறிதல் நன்றென்று கருதி இச்சிறு கட்டுரையை வரைகின்றோம்.

திருச்சிராப்பள்ளியைச் சார்ந்த வரகனேரியில், 1881 ஏப்ரல் 2-ஆம் நாள் ஐயரவர்கள் பிறந்தார். சட்டம் பயின்று திருச்சியிலும் இரங்கூனிலும் தொழில் புரிந்தபின், பாரிஸ்டர் படிப்பை நாடி இலண்டன் சென்றார். அங்கே இந்தியா விடுதியில் சாவர்க்கரின் உற்ற துணைவரானார். 1909-இல் அக்குழுவினர் இருபது பிரௌனிங் கைத்துப்பாக்கிகளைப் பெட்டியின் கள்ள அடித்தட்டில் ஒளித்து, நம் பம்பாய்க்கே அனுப்பினர். அவ்வாண்டு டிசம்பரில் நாசிக் கலெக்டர் ஜாக்சன் அவற்றுள் ஒன்றாற் சுடப்பட்டார். 1910-இல் சாவர்க்கர் சிறைப்பட, ஐயர் மாறுவேடம் பூண்டு, பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுவையை அடைந்தார். வாஞ்சி அவரிடம் பயின்றது அங்கேதான். வாஞ்சியின் கையிலிருந்ததும் பிரௌனிங்கே.

அக்கருவியின் இயல்பைச் சிறிது கூறுவோம். பெல்ஜியத்து எப்.என். ஆலை பிரௌனிங் என்னும் ஒரே பெயரில் இருவகைக் கருவிகளைச் செய்தது. இரண்டிலும் வெளியே சுத்தியல் தென்படாது. 1900-ஆம் ஆண்டு மாதிரியில் சுத்தியல் உண்மையிலேயே இல்லை; ஸ்டிரைக்கர் என்னும் குத்தூசி, சுருள்வில்லின் விசையால் நேர்கோட்டிற் பாய்ந்து தோட்டாவின் அடியைத் தாக்கும். 1903-ஆம் ஆண்டு மாதிரியிலோ சுத்தியல் உண்டு; அது உள்ளே மறைந்திருந்து, அச்சிற் சுழன்று ஊசியை அடிக்கும். ஆகவே புறத்தோற்றங் கொண்டு வகை பிரித்தல் பிழையாகும். தாக்குவது எது என்பதே முதற் கேள்வி.

விரலால் இழுக்கும் குதிரை என்ன வேலை செய்கிறது என்பது இரண்டாவது கேள்வி. முன்னரே இழுபட்டு நிற்பதை விடுவிப்பது மட்டுமே அதன் பணியாயின் ஒற்றைச் செயல் என்பர். மேற்சொன்ன இரண்டு மாதிரிகளும் இவ்வகையினவே. இழுப்பதும் விடுவிப்பதும் அதன் பணியாயின் இரட்டைச் செயல். 1929-இல் வந்த ஜெர்மானிய வால்தர் இதற்குச் சான்று. 1980-களில் ஆஸ்திரியாவில் தோன்றிய கிளாக்கின் குத்தூசி பாதி இழுபட்டு நிற்கும். மீதியைக் குதிரையே முடிக்கும். அதனை எவ்வகையிற் சேர்ப்பது என்பதில் வல்லுநர் இன்றும் ஒருமனப்படவில்லை.

ஐயரவர்களையும் ஒரே வகையில் அடக்குதல் எளிதன்று. துப்பாக்கி பயிற்றிய அதே புதுவையில் திருக்குறளை ஆங்கிலத்தில் பெயர்த்தார். ‘குளத்தங்கரை அரசமரம்’ எழுதித் தமிழ்ச் சிறுகதைக்கு வழி வகுத்தார். பின்னர்க் காந்தியடிகளின் நெறியை ஏற்று, ‘தேசபக்தன்’ ஆசிரியராயிருந்தபோது எழுத்தின் பொருட்டுச் சிறை புகுந்தார். அச்சிறையிற் கம்பனை ஆராய்ந்தார்.

குறையையும் மறைத்தல் தகாது. சேரன்மாதேவியில் அவர் நடத்திய குருகுலத்தில் பிராமணச் சிறுவர் சிலர்க்குத் தனிப்பந்தி இட்டமையால் பெருங்கிளர்ச்சி எழுந்தது. பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் அதனைக் கண்டித்தனர். பொதுமக்கள் பொருளுதவியால் நடந்த பள்ளியில் அவ்வேற்றுமை நேர்ந்தது பிழையே என்பது நம் துணிபு. ஐயர் பொறுப்பினின்றும் விலகினார். 1925 ஜூனில் பாபநாசம் அருவியில் வீழ்ந்த மகள் சுபத்திரையைக் காக்கப் பாய்ந்து, 44-ஆம் வயதில் மகளோடு உயிர் நீத்தார்.

ஆங்கிலத்தில் அவர் எழுதிய கம்பராமாயண ஆராய்ச்சியை 1950-இல் நூலாக்கியது டில்லித் தமிழ்ச் சங்கம். ஊர்விட்டு வந்து வாழும் நம் போன்றோரின் சங்கமொன்று செய்த அருந்தொண்டு அது. மணியாச்சியோடு மட்டும் அவரை நினைப்போர், அந்நூலையும் ஒருமுறை கையிலெடுப்பாராக.