ஹிப்போ நகரத்து அகுஸ்தீனார்

கி.பி. 410ஆம் ஆண்டில் கோத்தர் தலைவன் அலாரிக்கு உரோமை மாநகரைச் சூறையாடினான். ஏறத்தாழ 800 ஆண்டுகளாக அயலார் கைப்படாதிருந்த நகரம் அது! அடைக்கலம் நாடியோர் பலர் கடல் கடந்து வட ஆப்பிரிக்காவை அடைந்தனர். பழைய தெய்வங்களைக் கைவிட்டதே இக்கேட்டிற்குக் காரணம் என்று கிறித்தவரைப் பலர் பழித்தனர். அப்பழிக்கு விடையிறுக்க முற்பட்டவரே ஹிப்போ நகரத்து ஆயர் அகுஸ்தீனார்.

354இல் தகாஸ்தே என்னும் ஊரிற் பிறந்த அவர், இளமையில் தாய் மோனிக்காவின் சமயத்தில் நில்லாது, மானியின் நெறியில் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் உழன்றார். மிலான் நகரில் சொற்கலை ஆசிரியராயிருந்தபோது, ஆயர் அம்புரோசியாரின் உரைகள் அவர் உள்ளத்தைத் தொட்டன. 387இல் திருமுழுக்குப் பெற்றார்.

உரோமையின் வீழ்ச்சியைக் கண்ட அவர், மாந்தர் எழுப்பிய அரசு எதுவும் நிலையாதெனத் தெளிந்தார். அத்தெளிவே ‘கடவுளின் நகரம்’ என்னும் நூலாயிற்று. 22 பகுதிகள் கொண்ட அதனை எழுதி முடிக்க ஏறத்தாழ 13 ஆண்டுகள் சென்றன.

430இல் வாந்தலர் படை ஹிப்போவையே வளைத்துக்கொண்டது. முற்றுகையின் மூன்றாம் திங்களில், நகருள்ளே நோயுற்றுக் கிடந்த அகுஸ்தீனார் தம் 75ஆம் அகவையில் உயிர் நீத்தார்.