ஐயர் சொன்னார், நெல் வந்தது!

தஞ்சாவூர்க் கோட்டையில் பஞ்சம்!

1780-ம் ஆண்டில், மைசூரை ஆண்ட ஐதர் அலிக்கும் ஆங்கிலேயருக்கும் போர் மூண்டது. ஐதரின் படைகள் தஞ்சைச் சீமையில் புகுந்தன. வயல்கள் பாழாயின. மக்கள் பசியால் துடித்தார்கள். தினமும் காலையில் கோட்டைத் தெருக்களில் பிணங்கள் கிடந்தன. காவல் காத்த சிப்பாய்களும் பசி மயக்கத்தில் சுருண்டு விழுந்தார்கள்.

கிராமங்களில் நெல் இருந்தது. ஆனால் அதைக் கோட்டைக்குக் கொண்டு வர மாடுகள் இல்லை. மாடு வைத்திருந்த குடியானவர்கள் வர மறுத்தார்கள்.

காரணம் என்ன?

முன்பு ஒரு தடவை அவர்கள் நெல் கொண்டு வந்தார்கள். அதற்கு உரிய பணத்தைத் துபாஷிகள் ஏமாற்றிப் பறித்துக் கொண்டார்கள். அன்று முதல் குடியானவர்கள் யாரையும் நம்பவில்லை. மன்னர் துளஜாஜி கட்டளையிட்டார், பலன் இல்லை. கெஞ்சிக் கேட்டார், அப்போதும் பலன் இல்லை.

அரண்மனையில் பணம் இருந்தது. கம்பெனியிடம் துப்பாக்கி இருந்தது. நம்பிக்கைதான் இல்லை.

கடைசியில் மன்னருக்கு ஒருவருடைய நினைவு வந்தது. எதுவும் எழுதாத வெற்றுத் தாள் ஒன்றை அவருக்கு அனுப்பினார். மக்களோடு அவர் என்ன ஒப்பந்தம் வேண்டுமானாலும் செய்து கொள்ளலாம் என்று அதிகாரம் கொடுத்தார்.

அந்த மனிதர், கிறிஸ்தியான் பிரெடரிக் சுவார்ட்ஸ் என்ற ஜெர்மானியப் பாதிரியார். பாதிரியார்களை "ஐயர்" என்று அழைப்பது அந்தக் கால வழக்கம். ஆகவே மக்கள் அவரைச் சுவார்ட்ஸ் ஐயர் என்றார்கள்.

ஐயர் நாலு திசைக்கும் கடிதம் அனுப்பினார். கூலியைத் தம் கையாலேயே கொடுப்பதாகவும், எதிரிகள் மாட்டைப் பிடித்துக்கொண்டால் அதற்கும் விலை தருவதாகவும் எழுதினார்.

ஓரிரு நாளில் ஆயிரத்துக்கும் அதிகமான மாடுகள் வந்து சேர்ந்தன! அவருடைய உபதேசியாரும் வேறு சில கிறிஸ்தவர்களும் உயிரைத் துச்சமாக எண்ணி ஊர் ஊராகப் போனார்கள். விரைவிலேயே 80 ஆயிரம் கலம் நெல் கோட்டைக்குள் வந்தது. கோட்டை பிழைத்தது.

சொன்ன சொல்லை ஐயர் காப்பாற்றினார். ஒவ்வொருவருக்கும் பணத்தை எண்ணிக் கொடுத்தார். அன்பளிப்பும் கொடுத்து அனுப்பி வைத்தார்.

மன்னரை நம்பாத மக்கள் ஒரு பாதிரியாரை நம்பியது ஏன்? அதற்கு அவருடைய வாழ்க்கையே பதில்.

தாலந்துக் கதை

ஏசுநாதர் ஒரு கதை சொன்னார். வெளியூர் போன எஜமான் ஒருவன், ஊழியர் மூவரிடம் தன் பணத்தை ஒப்படைத்தான். ஒருவனுக்கு 5 தாலந்து, இன்னொருவனுக்கு 2, மற்றவனுக்கு 1. தாலந்து என்பது அக்காலத்தில் ஒரு பெருந்தொகை. முதல் இருவரும் பாடுபட்டுப் பணத்தை இரட்டிப்பாக்கினார்கள். மூன்றாமவன் மண்ணைத் தோண்டிப் புதைத்து வைத்தான். எஜமான் திரும்பி வந்தான், கணக்குக் கேட்டான். புதைத்தவன் சாக்குச் சொன்னான். எஜமான் அவனைக் கண்டித்தான்.

அறிவு, பணம், நல்ல பெயர் எல்லாம் கடவுள் ஒப்படைத்தவை. நாம் கணக்குப்பிள்ளைகளே என்பது அந்தக் கதையின் கருத்து. சுவார்ட்ஸ் அப்படியே வாழ்ந்து காட்டினார்.

தாயின் ஆசை

1726-ம் ஆண்டில் சோனன்பர்க் என்ற ஊரில் அவர் பிறந்தார். சிறு குழந்தையாக இருக்கும்போதே தாய் இறந்து விட்டார். மகனைக் கடவுள் தொண்டுக்கென்று வளர்க்க வேண்டும் என்பதே அந்தத் தாயின் கடைசி ஆசை.

ஹாலே நகரில் படிக்கும்போது அவர் தமிழ் கற்றார். இந்தியாவுக்குப் போக முடிவு செய்ததும், தகப்பன் சொத்தில் தமக்கு வரவேண்டிய பங்கை உடன்பிறந்தவர்களுக்கே விட்டுக் கொடுத்தார். 1750-ம் ஆண்டில் தரங்கம்பாடிக்கு வந்தார். சில மாதங்களிலேயே தமிழில் பிரசங்கம் செய்தார்.

மொழி கற்பது அவருக்கு இயற்கையாக அமைந்த திறமை. அந்தத் திறமையை அவர் புதைத்து வைக்கவில்லை. பாரசீகம், மராத்தி, இந்துஸ்தானி, போர்த்துக்கீசியம், ஆங்கிலம் என்று ஒவ்வொன்றாகக் கற்றார். குடிசையில் இருப்பவரோடும் பேசினார். அரண்மனையில் இருப்பவரோடும் பேசினார்.

பாதிச் சம்பளம்

திருச்சியில் ஆங்கிலப் படைவீரர்களுக்கும் அவர் குருவாக இருந்தார். அதற்காக ஆண்டுக்கு 100 பவுன் சம்பளம் கிடைத்தது. அதில் பாதியைத் திருப்பணிக்கே கொடுத்தார். அவர் திருமணம் செய்து கொள்ளவில்லை. சாதாரணத் துணியை உடுத்தினார். சோறும் காய்கறியுமே அவருக்கு உணவு.

1779-ம் ஆண்டில் சென்னைக் கவர்னரின் தூதராகச் சீரங்கப்பட்டணத்துக்குப் போய் ஐதர் அலியைச் சந்தித்தார். வழிச்செலவுக்கென்று ஐதர் அலி 300 ரூபாய் கொடுத்தார். ஐயர் அதைத் தமக்கென வைத்துக் கொள்ளவில்லை. சென்னைக்கு வந்ததும் அரசாங்கத்திடம் ஒப்படைத்தார். நீரே வைத்துக் கொள்ளும் என்றது அரசாங்கம். அந்தப் பணத்தை முதலாக வைத்து, தஞ்சையில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் தொடங்க ஏற்பாடு செய்தார்!

பிறகு போர் வந்தது. அப்போதும் ஐயரைத் தடுக்காமல் போக விடும்படி ஐதர் அலி தம் படைகளுக்குக் கட்டளையிட்டார். விலை மலிவாக இருந்தபோதே ஐயர் அரிசி வாங்கிச் சேர்த்து வைத்திருந்தார். லாபத்துக்கு விற்க அல்ல. பஞ்சத்தில் பசித்தவர்களுக்குப் போட!

போருக்குப் பின் இன்னொரு சோதனை. அதிகாரிகளின் கொடுமை தாங்காமல் குடியானவர்கள் ஊரை விட்டு ஓடினார்கள். நிலம் தரிசாகக் கிடந்தது. நியாயம் கிடைக்கும், திரும்பி வாருங்கள் என்று ஐயர் சொல்லி அனுப்பினார். ஒரே நாளில் 7 ஆயிரம் பேர் திரும்பி வந்தார்கள். இரவு பகலாக உழைத்துப் பயிர் செய்தார்கள்.

ஒப்படைத்த பிள்ளை

1787-ம் ஆண்டில் துளஜாஜி மரணப் படுக்கையில் கிடந்தார். சரபோஜி என்ற 10 வயதுச் சிறுவனை அவர் சுவீகாரம் எடுத்திருந்தார். அந்தப் பிள்ளைக்குக் காவலராக இருக்கும்படி ஐயரை வேண்டினார். ராஜ்ய பாரம் தம்மால் தாங்க முடியாதது என்று ஐயர் மறுத்தார். மன்னரின் தம்பி அமர்சிங்கிடம் பிள்ளையை ஒப்படைக்கும்படி யோசனை கூறினார்.

அந்த யோசனை விபரீதமாக முடிந்தது. அமர்சிங்கே மன்னரானார். சரபோஜியை அறையில் அடைத்து வைத்தார்கள். படிப்பும் இல்லை, வெளிக் காற்றும் இல்லை.

நமக்கென்ன என்று ஐயர் இருந்து விடவில்லை. கம்பெனி அதிகாரிகளிடம் ஓயாமல் வாதாடினார். பிள்ளையை மீட்டார். கல்வி கற்பித்தார். 1793-ம் ஆண்டில் சரபோஜியைப் பத்திரமாகச் சென்னைக்கு அனுப்பி மேலும் படிக்க வழி செய்தார். அரசுரிமை அவருக்கே உரியது என்று எடுத்துக் காட்டினார்.

1798-ம் ஆண்டு பிப்ரவரி 13-ந் தேதி சுவார்ட்ஸ் ஐயர் தஞ்சையில் காலமானார். இந்தியாவில் இருந்த 48 ஆண்டுகளில் ஒரு தடவைகூட அவர் தாய்நாட்டுக்குத் திரும்பவில்லை. தம் பொருளை எல்லாம் திருப்பணிக்கே எழுதி வைத்தார். அடக்கத்துக்கு முன் சரபோஜி வந்து முகத்தைப் பார்த்துக் கண்ணீர் வடித்தார்.

அதே ஆண்டில் சரபோஜி மன்னரானார். தம் முன்னோரின் சமயத்திலேயே வாழ்ந்தார். ஆனால் ஐயரை அவர் மறக்கவில்லை. சரசுவதி மகால் நூல் நிலையத்தை வளர்த்துப் புகழ்பெற்ற அந்த மன்னர், பிளாக்ஸ்மன் என்ற ஆங்கிலச் சிற்பியைக் கொண்டு ஒரு சலவைக்கல் சிற்பம் செய்வித்தார்.

தஞ்சையில் சிவகங்கைக் குளத்தின் அருகே உள்ள தேவாலயத்தில் அந்தச் சிற்பம் இருக்கிறது. படுக்கையில் ஐயர் கிடக்கிறார். பக்கத்தில் நின்று சரபோஜி அவருடைய கையைப் பிடித்துக் கொண்டிருக்கிறார்.

நெல்லையும் பணத்தையும் வாங்கிக் கொடுத்த கை அது. கடைசியில் வெறுங்கையாகவே இருந்தது. ஆனால் கணக்கு நேராக இருந்தது!