டிலனாய் என்னும் குடிப்பெயர்

வட்டக்கோட்டை என்னும் பெயர் கேட்டு வருவோர், அது வட்டமாய் இராது நீள்சதுரமாய் நிற்றல் கண்டு வியப்பர். பெயரும் வடிவும் எங்கும் பொருந்துமென்பதில்லை. ஆயினும், கடலோரத்தில் ஏறத்தாழ மூன்றரை ஏக்கர் பரப்பும் 25 அடி உயர மதிலும் உடைய இக்கோட்டையைப் புதுக்கிக் கட்டுவித்த சேனாபதி டிலனாயின் குடிப்பெயர் செவ்விய பொருளுடையது. அதனை நம்மவருட் சிலரே அறிவர்.

யூஸ்டாக்கியஸ் பெனடிக்டஸ் டி லன்னாய் என்பது அவர்தம் முழுப்பெயர். 1715-ஆம் ஆண்டில், பிரான்சு தேசத்தின் வடபாலுள்ள அராஸ் நகரிற் பிறந்தார். 'டி' என்பது இன்ன ஊரினர் எனக் காட்டும் இடைச்சொல். நாம் பெயருக்குமுன் ஊரை வைத்து வழங்குதல் போன்றதே. லன்னாய், லீல் நகரையடுத்த ஒரு சிற்றூர். அவ்வூர்ப்பெயரோ மரத்தால் வந்தது. ஆல்டர் என்னும் மரத்தின் தோப்பைக் குறித்த பழைய பிரெஞ்சுச் சொல்லோடு, முன்னின்ற லகரச் சுட்டு ஒட்டி ஒரு சொல்லாயிற்று. ஆலங்குடி, புன்னைக்காயல் முதலிய ஊர்ப்பெயர்கள் நமக்குப் புதியனவல்லவே! அம்மரம் ஈரநிலத்தில் வளர்வது. நீருள் நெடுநாட் கிடப்பினும் எளிதில் உளுக்காது. ஆகலின் கட்டடங்களின் அடியில் முளையாக அறைவர்.

இப்பெயருடையார் வேறிடத்தும் விளங்கினர். 1525-இல் பவியாப் போரில் பிரான்சு மன்னர் சரணடைந்தது சார்லஸ் டி லன்னாய் என்பாரிடமே. 1621-இல் அமெரிக்கா சென்ற பிலிப் என்பவரின் வழியில் இப்பெயர் டெலனோ எனத் திரிந்து, அந்நாட்டுத் தலைவர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் பெயர் நடுவே நின்றது.

நம் டிலனாயின் நிலையோ வேறு. 1741-இல் குளச்சற் போரில் தோற்ற டச்சுப் படையைச் சேர்ந்தவராய் மார்த்தாண்டவர்ம மகாராஜாவிடம் சிறைப்பட்டார். சிறைப்படுத்திய அரசரே அவர் திறமறிந்து படைபயிற்றும் பணியை ஒப்படைத்தனர். அவர் வாளினும் இவ்வரசர்தம் மதிநுட்பமே பெரிதென்பேன். உதயகிரிக் கோட்டையும் வடவெல்லை நெடுங்கோட்டையும் டிலனாயின் மேற்பார்வையில் வலிவுபெற்றன. வலிய கப்பித்தான் என நாட்டார் அழைத்தனர். மைந்தர் யோவான் 1765-இல் களக்காட்டுப் போரில் இளமையிலேயே மாண்டார்.

முப்பத்தாறாண்டு இந்நாட்டிலேயே வாழ்ந்து, 1777-இல் டிலனாய் உதயகிரியில் உயிர்நீத்தார். அக்கோட்டையை நம் மக்கள் தில்லானைக் கோட்டை என்றும் வழங்கினர். அயலார் அதில் யானைக்கதை தேடின் வீணே. கோட்டையுள், கூரையிழந்த சிற்றாலயத்தில், அவர் கல்லறைமேல் அப்பெயர் இலத்தீனிலும் தமிழிலும் பொறிக்கப்பட்டுள்ளது.