தோல்வியிலும் புகழ் கொண்ட சேர் தோமஸ் லிப்டன்

மலைகள் அரண்செய்யும் கண்டி மாநகரில் வாழும் நமக்குக் கடலோடு நாளாந்தத் தொடர்பு இல்லை. எனினும், கடற்பந்தய வரலாற்றில் நிலைத்த பெயர் பெற்ற ஒருவரை நினைப்பதற்கு நாம் கடற்கரைக்குச் செல்ல வேண்டியதில்லை. ஹந்தானை மலைச்சாரலில் 1925 ஆம் ஆண்டிற் கட்டப்பெற்ற பழைய தேயிலைத் தொழிற்சாலை, 2001 ஆம் ஆண்டு முதல் தேயிலை நூதனசாலையாக விளங்குகின்றது. அங்கே நினைவுகூரப்படுவோருள் ஒருவர் சேர் தோமஸ் லிப்டன். மாணவரை அங்கு அழைத்துச் சென்ற ஒரு நாளில், அவர் ஐந்து முறை கடற்பந்தயத்தில் இறங்கி ஐந்து முறையும் தோற்ற கதையைச் சொன்னோம். தோற்றவருக்கு இத்துணைப் பெயர் எங்ஙனம் வந்தது என்று மாணவன் ஒருவன் வினவினான். அன்று நாம் அளித்த விடை நிறைவானதன்று. அக்குறையை இங்கே நீக்க முயல்கின்றோம்.

லிப்டன் ஸ்கொத்லாந்தின் கிளாஸ்கோ நகரில் வறிய குடும்பமொன்றிற் பிறந்தார். தாம் பிறந்த ஆண்டு 1850 என்று அவர் கூறி வந்தார். பெற்றோர் அயர்லாந்தின் வடபாகத்திலிருந்து பிழைப்புத் தேடிக் குடியேறியவர். வெண்ணெயும் முட்டையும் விற்கும் சிறுகடை அவர்களுடையது. லிப்டன் இளமையிலேயே பள்ளியை விட்டு ஏவல் வேலை செய்தார். பின்னர் பெல்பாஸ்ற் செல்லும் நீராவிக் கப்பலிற் சிற்றாளானார். கையிற் சேர்ந்த சிறு பொருளோடு அமெரிக்கா சென்று புகையிலைத் தோட்டத்திலும் நெல்வயலிலும் உழைத்தார். நியூயோர்க் நகரத்துப் பேரங்காடி ஒன்றில் வணிக நுட்பங்களைக் கற்றார். தாயகம் மீண்டு 1871 இல் கிளாஸ்கோவில் தம் முதற்கடையைத் திறந்தார். இருபது ஆண்டுகளுக்குள் அவர் கடைகள் பிரித்தானியா எங்கணும் பரவின.

அக்காலத்தில் இலங்கை மலைநாடு பெருமாற்றம் கண்டுகொண்டிருந்தது. 1869 இல் தோன்றிய இலைநோய் கோப்பித் தோட்டங்களை அழித்தது. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னரே, கண்டிக்கு அண்மையிலுள்ள லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டிருந்தார். வீழ்ந்த கோப்பியின் இடத்தைத் தேயிலை பற்றிக்கொண்டது. 1890 இல் இலங்கை வந்த லிப்டன், அப்புத்தளைப் பகுதியிலே தம்பேதென்னை முதலிய தோட்டங்களை வாங்கினார். இடைத்தரகரை விலக்கி, றாத்தல், அரை றாத்தல், கால் றாத்தற் பொதிகளாகத் தேயிலையை எளியோரும் வாங்கத்தக்க விலையில் விற்றார். 1898 இல் சேர் பட்டமும் 1902 இல் பரம்பரைப் பட்டமும் அவரை அடைந்தன.

இனிப் பந்தயத்திற்கு வருவோம். 1851 இல் இங்கிலாந்தின் வைற் தீவைச் சுற்றி நிகழ்ந்த பந்தயத்தில் ‘அமெரிக்கா’ என்னும் பாய்க்கப்பல் வெள்ளிக் கிண்ணமொன்றை வென்றது. அது நியூயோர்க் பாய்க்கப்பற் கழகத்தின் காவலில் வைக்கப்பட்டது. அதனைப் பெற விரும்பும் அயல்நாட்டவர் தம் நாட்டுக் கழகமொன்றின் பெயராலேயே அறைகூவல் விடுத்தல் வேண்டும். அக்காலத்தில் அவர் கப்பல் தானே சமுத்திரத்தைக் கடந்து வருதலும் வேண்டியிருந்தது. ஆதலால் அது உறுதியாகவும் அதனாற் பாரமாகவும் அமைய நேர்ந்தது. எதிர்த்து நின்ற அமெரிக்கக் கப்பலுக்கோ அத்தடை இல்லை.

லிப்டன் தம் பெற்றோரின் மண்ணை மறவாதவராய், றோயல் அல்ஸ்ரர் கழகத்தின் பெயரால் அறைகூவினார். கப்பல்கள் ஐந்திற்கும் அயர்லாந்தின் சின்னமாகிய மூவிலைச் செடியின் பெயரால் ‘ஷாம்ரொக்’ என்றே பெயரிட்டார். சுக்கான் பிடித்தவர் அவரல்லர். பிறரே கப்பலைச் செலுத்தினர். செலவும் தோல்வியும் அவருடையன.

1899 இல் ஒரு பந்தயத்தில் மேற்பாய்மரம் முறிந்தது. மூன்று பந்தயங்களும் தோல்வி. 1901 இன் இறுதிப் பந்தயத்தில் ஷாம்ரொக் எல்லையை முதலிற் கடந்தது. ஆயினும் கப்பலின் அளவுக்கேற்ப வழங்கும் காலச் சலுகையால் வெற்றி மற்றையதற்காயிற்று. 1903 இல் மூடுபனியில் வழிதப்பி எல்லையையே காணாது போயிற்று. 1914 இல் நிகழவிருந்த போட்டியை உலகப்போர் தடுத்தது. 1920 இல் முதலிரு பந்தயங்களும் ஷாம்ரொக்கிற்கே. இன்னுமொன்று வென்றாற் கிண்ணம் கைக்கு வரும். மூன்றாம் பந்தயத்தை இரு கப்பல்களும் ஒரே நேர அளவில் ஓடி முடித்தன. காலச் சலுகையால் மற்றையது வென்றது. எஞ்சிய இரண்டும் அவ்வாறே கைவிட்டுப் போயின. 1930 இல், தம் முதுமையில், மீண்டும் வந்து நான்கு பந்தயங்களிலும் தோற்றார்.

ஒரு முறையேனும் அவர் நடுவரைப் பழித்தாரில்லை. 1895 இல் அவருக்கு முன் வந்த டன்றேவன் பிரபு, எதிரிகள் வஞ்சித்தனர் எனக் குற்றஞ்சாட்டி இரு நாட்டாரிடையே கசப்பை விளைத்திருந்தார். அக்கசப்பை மாற்றியது லிப்டனின் இன்முகமே. 1930 இல் அமெரிக்க மக்கள் சிறுதொகைகளாகப் பொருள் திரட்டி அவருக்குப் பொற்கிண்ணமொன்றை அளித்தனர். இங்கிலாந்தின் உயர்குடியினர் கழகமோ அவரை 1931 இலேயே உறுப்பினராக்கியது. அவ்வாண்டு ஒக்டோபர் 2 ஆந் திகதி அவர் மறைந்தார்.

இம்மட்டோடு நிறுத்தின் நம் கட்டுரை பாதி உண்மையே ஆகும். பந்தயத்தால் அவர் பெயர் அமெரிக்கா எங்கும் பரவியது, தேயிலையும் விலைபோயிற்று. அத்தேயிலையைக் கிள்ளிய கைகள் யாருடையவை? தமிழகத்திலிருந்து கடல் கடந்து, மன்னாரிலிருந்து மாத்தளைவரை காட்டுவழி நடந்து, வழியிற் பலரைக் கொள்ளைநோய்க்குப் பலிகொடுத்து மலையேறிய மக்களின் வழிவந்தோருடையவை. லிப்டன் தம் செல்வத்திற் பெரும்பகுதியைக் கிளாஸ்கோ நகரத்து வறியோருக்கும் மருத்துவமனைகளுக்கும் எழுதிவைத்தார். அது போற்றத்தக்கதே. ஆயினும் அச்செல்வத்தின் ஊற்றுக்களுள் ஒன்று மலைநாட்டு லயங்களின் வாயிலில் இருந்தது. அங்கு வாழ்ந்தோர் பெரும்பாலார் 1948 இன் சட்டத்தால் நாடற்றவராயினர். எஞ்சியோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003 இலேயே வந்தது.

இனி அம்மாணவனின் வினாவுக்கு விடை கூறுவோம். லிப்டன் புகழ் பெற்றது தோற்றதனால் அன்று. தோற்றபின் பிறரைப் பழியாது மீண்டும் வந்ததனால். ஆனால் மீண்டும் வருவதற்குப் பண்பு மட்டும் போதாது, வழியும் வேண்டும். அவருக்கு ஐந்து கப்பல் கட்டும் பொருள் இருந்தது. ஒரே தேர்வில் தவறியமையால் கொழுந்துக் கூடையைச் சுமக்கச் சென்ற பிள்ளைக்கோ இரண்டாம் கப்பல் இல்லை. அப்பிள்ளையிடம் மனவுறுதி இல்லை என்று எவர் கூறத்துணிவார்?

பழைய மாணவர் சங்கங்கள் பரிசு வழங்குவது முதலிடம் பெற்றோர்க்கே. அது முறையே. ஒரு முறை தவறியவர் மறுமுறை எழுதுதற்கு வேண்டிய கட்டணத்தையும் நூல்களையும் சிலருக்கேனும் வழங்க இவ்விழா ஆண்டிலே நம் சங்கம் முன்வருமாயின், அப்பிள்ளைகளுக்கும் மீண்டும் புறப்பட ஒரு கப்பல் கிடைத்ததாகும்.